பம்பாய் கட்டுமா, மெட்ராஸ் கட்டுமா

12 ஜூன் 1974

மீசை, இன்று உன் ஆபீஸுக்குப் போய் வந்தேன். கருணாகரன் சார் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நீ பதினோரு வருஷம் டீ கொண்டுபோய் வைத்த அதே மேசை. எனக்கு நாற்காலி போடச் சொல்லி டீயும் வரவழைத்தார். குடிக்கத்தான் முடியவில்லை. சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் வேலையை எனக்குத் தருகிறார்களாம். டீ வாங்கி வருவது, ஃபைல் கொண்டுபோய்க் கொடுப்பது. எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா என்று கேட்டார். அஞ்சாவது பாஸ் என்றேன். மெட்ராஸ் என்றால் மாதம் நூற்றுத் தொண்ணூறு. பம்பாய் ஹெட் ஆபீஸ் என்றால் முந்நூற்றுப் பத்து. இரண்டு இடத்திலும் ஆள் வேண்டுமாம். ஜூலை முதல் வாரத்துக்குள் எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும்.

பம்பாயாம். எனக்கு. மாம்பலம் போக பஸ் ஏறி அடையாறில் போய் இறங்கினவளுக்கு.

13 ஜூன்

190. 310. ரசத்துக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

16 ஜூன்

பக்கத்து அறை ஜைதூன் பீ கல்யாணமாகிப் பம்பாயில் ஒன்பது வருஷம் குடித்தனம் செய்தவள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தப் பக்கம் பம்பாய், இந்தப் பக்கம் மெட்ராஸ். வாடகை அங்கே இரண்டு பங்கு. அரிசி ஆனை விலை. ரயிலுக்கு மாதப் பாஸ் மட்டும் சல்லிசாம். "பாசு எடுத்துட்டா நாள் பூரா ரயில்லயே குந்திக்கினு போலாம் மா. குந்தறதுக்குத்தான் எடம் கெடைக்காது" என்றாள்.

எல்லாம் போகப் பம்பாயில் மிஞ்சுவது அறுபது ரூபாய். மெட்ராஸில் எழுபது! "இந்தப் பத்து ரூவாவுக்கா இத்தினி பென்சிலு" என்று கேட்டாள்.

மெட்ராஸ் எப்படி ஜெயித்தது தெரியுமா? என் மார்க்கெட் சாமர்த்தியம். நீ காய்க்காரி பச்சையம்மாளிடம் மீசையை முறுக்கிப் பேரம் பேசுவாய். கட்டாது என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி நடப்பாய். அவள் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். நான் வெட்கப்பட்டுத் தேங்காய்க் கடை ஓரமாக நின்றுகொள்வேன். இப்போது நான் வாயைக்கூடத் திறப்பதில்லை, கத்திரிக்காய் கிலோ எண்பது காசு. கொசுறாகக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு துண்டு இஞ்சி. உன்னையே மிஞ்சிவிட்டேன் மீசை.

18 ஜூன்

ஜைதூன் பீக்கு அந்த எண்பது காசில் சந்தேகம். நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று புர்காவை மாட்டிக்கொண்டு என்னோடு தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு வந்தாள். தனித்தனியாகப் போய்க் கேட்டோம். அதே கூடை, அதே கத்திரிக்காய். அவளுக்கு ஒன்று இருபது. எனக்கு எண்பது.

எண்ணெய்க் கடையிலும் அப்படியே. எனக்கு ஒரு விலை, ஊருக்கு ஒரு விலை.

மார்ச்சில் நீ போனதிலிருந்து எல்லாரும் எனக்குப் பாவம் பார்த்திருக்கிறார்கள். அது தெரியாம நான் பேரம் பேசிக் கிழிச்சேன்னு உன்னாண்டயே பீத்திக்கினேன். அசிங்கமா இருக்கு மீசை. ஜைதூன் பீ வழியெல்லாம் சிரித்தாள். வீட்டு வாசலில் வந்துதான் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

19 ஜூன்

பச்சையம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டேன், எனக்கு மட்டும் ஏன் இந்த விலை என்று. அவள் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அந்த மீசக்காரரு அஞ்சு காசுக்கு என் தொண்டத் தண்ணிய வத்த வச்சிடுவாரு. அவரு பூட்டப்புறம் உன் மூஞ்சியப் பாத்து வெல சொல்ல எனக்கு வாய் வர்லமா."

எனக்கு ஊர் விலையே சொல்லு என்றேன். ஒன்று இருபது என்றாள். எண்பதுக்குக் கேட்டேன். "இன்னா வெளையாட்றியா?" என்றாள். கட்டாது என்று கிளம்பினேன். மெதுவாகத்தான் நடந்தேன், அவள் கூப்பிட வசதியாக.

கூப்பிடவில்லை.

ராத்திரிக்கு மோர்சாதம், ஊறுகாய்.

21 ஜூன்

ஊர் விலை போட்டுக் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். மெட்ராஸில் மிஞ்சுவது முப்பத்தைந்து. பம்பாய் அதே அறுபது.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து உன் அண்ணன் வைரவன் வந்தார். ஒத்தப் பொம்பளைக்கு பம்பாய் எதுக்கு, இங்கே பார்த்துக்கொள்ள நாலு பேர் இருக்கிறோமே என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த நாலு பேரும் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே. தெரு முனையில் ஆரம்பித்தால் குழாயடி வரைக்கும் அய்யோ பாவம்.

ஜைதூன் பீயிடம் சொன்னேன். "அங்க உன்னப் பாத்து அய்யோன்னு சொல்றதுக்கு ஒருத்தனுக்கும் டைம் இல்ல மா" என்றாள். குளிக்கிறபோது தலையில் முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது எனக்கு.

போய்விடலாமா?

22 ஜூன்

போக முடியாது. ஜைதூன் பீ ஒன்று சொல்ல மறந்திருக்கிறாள். பம்பாயில் அறை வேண்டுமென்றால் முன்பணம் ஐந்நூறு வைக்க வேண்டும். உன் ஆஸ்பத்திரிச் செலவிலேயே வளையல் போய்விட்டது. ஐந்நூறுக்கு நான் எங்கே போவேன்?

27 ஜூன்

இன்றைக்கு ஒன்று ஐந்து!

எட்டு நாளாகத் தினமும் பச்சையம்மாளோடு மல்லுக்கு நிற்கிறேன். முந்தாநாள் ஒன்று பதினைந்து வரை வந்தாள். இன்று முடியாது என்று நான் நடந்தபோது திரும்பியே பார்க்கவில்லை. பூக்கடை வரை போய்விட்டேன். "த்தோ, இங்க வா!" என்று கத்தினாள் பார், மார்க்கெட்டே திரும்பியது. கறிவேப்பிலையும் கேட்டேன். கேட்டு வாங்கினேன். "புருசங்கிட்ட தப்பிச்சிப் பொண்டாட்டியாண்ட மாட்டிக்கினேன்" என்று திட்டிக்கொண்டே போட்டாள். திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

3 ஜூலை

ஆபீஸ். பம்பாய் போகிறேன் என்றேன். கருணாகரன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஆனால் அறை முன்பணம் ஐந்நூறைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும், கடனாக இல்லை என்றேன். சிரித்தார். அப்படி வழக்கமே கிடையாதாம். அப்புறம், கபாலி முகத்துக்காக வேண்டுமானால் இருநூறு பார்க்கலாம் என்றார்.

உன் முகத்துக்காக. அங்கேயும் அதே எண்பது காசு.

"அவரு மொகம் வேணாம் சார். நான் வேல செய்யப்போறேன். எரநூறு கட்டாது."

அதை நானா சொன்னேன்? குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உன் மாதிரியே நடந்தேன், பஸ் பிடிக்கப் போகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் போச்சு என்பாயே. பார்க்கவில்லை. கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். இந்த வேலையும் போச்சு, ரெண்டு ஊரும் போச்சு, பாவி நீ கத்துக்குடுத்த வித்தைதானே இது என்று உன்னைத்தான் திட்டினேன்.

"இரும்மா" என்றார் சார்.

8 செப்டம்பர், மாதுங்கா

அறைக்கு ஒரு ஜன்னல். கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையைத் தொடலாம். ஜைதூன் பீ சொன்னது சரி, ரயிலில் உட்கார இடமே இல்லை. தொங்குகிற வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன். ஆபீஸில் என் டீ நன்றாக இருக்கிறதாம்.

இன்று மார்க்கெட்டில் ஒரு மராட்டிக்காரி. அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. விரலால்தான் பேரம். அவளுக்குப் படியவில்லை, நான் நடந்தேன். பின்னாலிருந்து என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். என்ன சொன்னாள் என்று புரியவில்லை. கூப்பிடுகிற குரல் புரிந்தது. கொத்தமல்லிக்குக் கை நீட்டினேன். திட்டிக்கொண்டேதான் போட்டாள்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அன்றைக்கு சாரிடம் நானூற்றைம்பதுக்கு முடித்தேன். மீதி ஐம்பது உன் சைக்கிளை விற்ற காசு. கோபித்துக்கொள்ளாதே.

நீயா இருந்தா எவ்வளவுக்கு முடிச்சிருப்பே மீசை?