மூன்றாம் குழாயின் அளவு

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, பெரியவள், சின்னவள் நால்வரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். இன்ஜெக்டர்களை அளக்கும் உன் மெஷினைப் பார்த்து "உன் டெஸ்ட் பெஞ்ச் பழசாயிடுச்சு" என்று நான் சொன்னதும், நீ இன்ஜெக்டர்களை என் கையில் திணித்து வெளியே அனுப்பியதும் மறந்திருக்காது. வேறு கடைக்குப் போனேன். அவன் கொடுத்த ரிப்போர்ட் பளபளவென்று இருந்தது, வண்டிதான் இருமியது. ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

விஷயத்துக்கு வருகிறேன். பெரியவள், நம் வாலு, ஏப்ரல் 20 கார் பந்தயத்தில் ஓட்டப்போகிறாள். நான்கு சிலிண்டர், டர்போ, எல்லாம் புதிதாகக் கட்டுகிறேன். பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் எது போடலாம்? நிமிஷத்துக்கு ஆயிரம் சிசி என்று யோசிக்கிறேன்.

போன் வேண்டாம். போனில் பேசினால் நாம் சண்டைதான் போடுவோம். காகிதத்துக்குக் காது வலிக்காது.

உன் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. உன் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் பெஞ்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

ஆயிரம் எதற்கடா? குழந்தைக்கு அண்டாவில் பால் கொடுப்பாயா? நீ கட்டும் இன்ஜினுக்கு 550 போதும், அதிலேயே மிச்சம் இருக்கும். பெரிதாகப் போட்டால் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து கொடுக்கத் தெரியாமல் திணறும்.

ஒன்றை மட்டும் கேள். ஐந்து வாங்கு. ஐந்தையும் ஓடவிட்டு, ஒரே மாதிரி தூவும் நான்கைப் பொறுக்கித் தருகிறேன். நான்கு போதும் என்று கஞ்சத்தனம் செய்யாதே. வாலுவுக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன், அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நால்வரும் நலம். இத்துடன் இன்ஜெக்டர்கள். கடையில் நான்குதான் இருந்தன, ஐந்தாவது வர ஒரு மாதம் ஆகுமாம். கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவு ஏற்றும் மேப்பிங்காரர் மார்ச் 8 ஒருநாள்தான் கிடைப்பார். அதற்குள் வேண்டும்.

உன்னால் முடியாவிட்டால் சொல்லிவிடு. பழைய கடையிலேயே பார்த்துக்கொள்கிறேன். கோபமெல்லாம் இல்லை.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

என்னால் முடியாவிட்டாலா? இந்தா பிடி. ஒன்று 551, இரண்டு 548, மூன்று 549, நான்கு 550. உன் பளபளப்புக் கடைக்காரனிடம் காட்டு, வாயைப் பிளப்பான். மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான்கு முறை கழுவினேன்.

மேப்பிங்காரரிடம் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக வைக்கச் சொல். புது இன்ஜின்தானே. வேறொன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நால்வரும் நலம், ஐந்தாவதாக இன்ஜினும் நலம்! உறுமலைக் கேட்டு அடுத்த ஷெட்டில் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். புகைக்குழாயில் வைத்த மீட்டரும் பெட்ரோல் சரி என்றே காட்டுகிறது.

ஒரே ஒரு குடைச்சல். மூன்றாம் சிலிண்டரின் ப்ளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. பெட்ரோல் பற்றாததுபோல். மற்ற மூன்றும் நல்ல பழுப்பு. ப்ளக்கை மாற்றினேன், அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றினேன், ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். போகவில்லை.

மேப்பிங்காரர், "இன்ஜெக்டரைக் கழட்டி இன்னொருவாட்டி அளந்து பாத்துடலாம் சார்" என்றார். எனக்குச் சுரீரென்றது. "அது எங்க அக்கா கை. அதைச் சந்தேகப்படறதுன்னா நீங்க வேற வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். நீ எண்கள் எழுதிய காகிதத்தை ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூன்று வருஷம் உன்னை அவமானப்படுத்தியதற்கு அதுதான் பரிகாரம்.

உன் தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. அதென்ன சாமிப் படமா?

மேப்பிங்காரரிடம் கோபித்துக்கொள்ளாதே, அனுபவசாலி போலிருக்கிறது. அவர் சொன்னபடி மூன்றாவதை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பேன். பழைய பெஞ்ச்தானே, ஏதாவது தவறியிருக்கலாம். அதுவரை டர்போ காற்றைக் குறைத்து வை. வாலுவை முழு வேகத்தில் ஓட்டவிடாதே. சொன்னால் கேள்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நால்வரும் நலம். உனக்கு அடக்கம் பொருந்தவில்லை, விட்டுவிடு. உன் பெஞ்ச் தவறாது. நான் ஒருமுறை அப்படிச் சொல்லி மூன்று வருஷம் இழந்தது போதும்.

நீ கேட்டாய் என்று பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். மீட்டர் அதிகம் என்று காட்டியது, பழையபடி குறைத்துவிட்டேன். டர்போவை மட்டும் ஏற்றியிருக்கிறோம். வாலு நேற்று நேர்ச்சாலையில் போன வேகத்தைச் சொன்னால் நீ திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

இதைப் படித்ததும் வண்டியை நிறுத்து. மீதியைப் பிறகு படி.

மூன்றாவது எண் பொய். என் கண்ணாடிக்குழாயில் வந்தது 511. நான்கு முறை கழுவினேன், வடிகட்டியை மாற்றினேன், 511தான் வந்தது. மாற்றிப் போட ஐந்தாவது இல்லை. உன் கடிதம் பெஞ்சின் மேலேயே கிடந்தது, "பழைய கடையிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்று. மூன்று வருஷம் கழித்து வந்தவன் திரும்பவும் போய்விடுவான் என்று பயந்தேன். 549 என்று எழுதினேன்.

புகைக்குழாய் மீட்டருக்கு நான்கு சிலிண்டரின் சராசரிதான் தெரியும். மற்ற மூன்றும் வயிறாரக் குடிக்கும்போது ஒன்று பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது. நீ டர்போவை ஏற்றியிருக்கிறாய். அந்த ஒன்று கொதித்து பிஸ்டன் உருகிவிடும். உன் ப்ளக் ஒரு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை உன் நம்பருக்குப் போன் செய்தேன். வாலுதான் எடுத்தாள். "அத்தை! மூணு வருஷமா எங்க போயிட்டீங்க? வண்டி பறக்குது, எல்லாம் உங்க கைதான்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான், "நல்லா ஓட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி எண்ணை அழுத்தக் கை வரவில்லை. நான் கோழை.

விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளைக்குக் கிடைத்துவிடும் என்கிறார்கள். என்னைத் திட்ட வேண்டுமானால் போனிலேயே திட்டு. வண்டியை மட்டும் எடுக்காதே.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

இங்கே மூவர் நலம்.

உன் கடிதம் வெள்ளி மாலை ஷெட்டுக்கு வந்திருக்கிறது. நாங்கள் வெள்ளி காலையே பந்தய மைதானத்துக்குப் போய்விட்டோம். செவ்வாய்க்கிழமை அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தபோது கதவுக்கடியில் கிடந்தது. சுவரில் உன் காகிதம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

பதினோராவது சுற்று. நேர்ச்சாலையின் கடைசியில் மூன்றாம் பிஸ்டனில் ஓட்டை விழுந்து இன்ஜின் இறுகிவிட்டது. பின்சக்கரங்கள் நின்று, வண்டி சுழன்று சுவரில் மோதியது. அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உன்மேல் மட்டும் பழி போட மாட்டேன். கழற்றிப் பார்க்கலாம் என்று சொன்ன மனிதரின் வாயை அடைத்தவன் நான்தான். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

காயில் போய்விட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள். நேற்று கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள்: "செயற்கைக் காலோட ஓட்டறவங்கள்லாம் இருக்காங்கப்பா. அடுத்த செட்டையும் அத்தைகிட்டயே குடுங்க. இந்தவாட்டி அஞ்சா வாங்குங்க, அத்தை சொன்ன மாதிரி." நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நீ எழுது. போன் செய்யாதே. இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். அத்தை கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள்.

511 என்று எழுது. எழுதியபின் எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி