ஏஜெண்டு பச்சைமுத்து வருகிறார்

சென்னை
7-3-1938

அன்புள்ள பூமாலைக்கு,

இங்கே நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

பூமாலை, என் நாவலுக்கு ஏஜெண்டு கிடைத்துவிட்டார்! விழுப்புரத்துக்காரர், பெயர் பச்சைமுத்து. புது ஆட்கள் எழுதியதையும் வாங்கிப் படித்து, பதிப்பகத்தில் பேசி முடித்துக் கொடுப்பவர். நான் கொடுத்திருந்த மூன்று அத்தியாயங்களோடு நேற்று என் அறைக்கே வந்துவிட்டார்.

"மூணாவதப் படிச்சிக்கினே நின்னதுல ரெண்டு டிராமை விட்டுட்டேங்க. ஆனா இது ஆம்பள எழுதினது இல்லியே?" என்றார்.

அந்த அத்தியாயம் முழுவதும் நீ எனக்கு எழுதிய கடிதங்கள். உன்னைக் கேட்காமல் வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "அப்ப அட்டையில அவங்க பேரும் வரணுங்க."

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து திரும்பும்போது திண்டிவனத்தில் இறங்கி, உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். காப்பி கொடு. வறுத்த மல்லாட்டை கொஞ்சம் அவரிடம் கொடுத்தனுப்பு. இங்கே விற்கும் வேர்க்கடலையில் நம் வீட்டு ருசி இல்லை.

தெருமுனையில் தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், சீக்கிரம் முடிக்கிறேன். மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை, பூமாலை. நான்காம் அத்தியாயம் அப்படியே நிற்கிறது.

உன்
தணிகாசலம்