தலைப்பிரசவத்துக்கு மிஞ்சாத லீவு

அல்லிநகரம்
14.9.1987

அன்பு மகள் சொர்ணலதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வீரப்ப அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். உன் மாமியாரின் சுகத்தைப் பற்றி நீயே பக்கம் பக்கமாக எழுதிவிட்டதால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

உன் கடிதத்தை அப்பா கடையில் வைத்தே உரக்கப் படித்தார். அம்மா வயிற்றில் வைத்திருந்த வலி மருந்து பம்ப் அடைத்துக்கொண்டது, ஆபரேஷன் செய்து மாற்றினோம் என்று அவர் படித்ததும், பருப்பு வாங்க வந்த மூக்கம்மாள் என் வயிற்றைப் பார்க்கிறாள். நான் குத்துக்கல்லாட்டம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். மாமியாரை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாயே, அவர்கள் எப்போது உனக்கு அம்மா ஆனார்கள்? டாக்டர் செய்த வைத்தியத்தைப் படித்து அதற்குரிய நம்பரைப் போடுவதுதான் ஆஸ்பத்திரியில் உன் வேலை, அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான் என்று முன்பே சொல்லியிருக்கிறாய். அவர்கள் ஆபரேஷனுக்கு உன்னோடு வேலை பார்ப்பவள் புதிதாகப் பம்ப் வைத்த நம்பரைப் போட்டுவிட்டாளாம், பழையதை எடுத்து அதே இடத்தில் வேறு வைத்தது என்று நீதான் கண்டுபிடித்துத் திருத்தினாயாம். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது. ஆனால் அந்தப் பெருமை எனக்கு வருமுன்னே உன் மாமியாரின் ஊரான போடிக்குப் போய்விட்டது. உன் மாமியாரின் தங்கை சந்தனம்மாள் தேனிச் சந்தையில் என்னை நிறுத்தி, அவ மருமக இல்ல மதினி, நான் பெத்த மகளுன்னு எங்கக்கா எழுதியிருக்காக என்றாள். பெற்றவள் எதிரே நிற்கிறேன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வாங்கிய கத்திரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பொறாமைதான், உன்னிடம் ஒளிப்பானேன். அதையாவது பொறுத்துக்கொள்வேன். கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறாயே, அவர்களைப் பார்த்துக்கொண்டதில் லீவு தீர்ந்துவிட்டது, பிரசவத்துக்கு ஊருக்கு வர முடியாது, இங்கேயே அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது உனக்குத் தெரியாதா? உள்ளறைக்கு வெள்ளையடித்தாயிற்று, தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கியும் மாட்டியாயிற்று. அப்பா அதைக் கழற்றிவிடலாமா என்று கேட்கிறார். பம்ப் இருந்த இடத்தில் வேறு பம்ப் வைக்கலாம். பெற்றவள் இருக்கவேண்டிய இடத்தில் மாமியாரை வைப்பதற்கும் உங்கள் புத்தகத்தில் நம்பர் இருக்கிறதா?

பிரசவ லேகியம் கிளறி பார்சலில் அனுப்புகிறேன். அவர்கள் உருட்டித் தரவேண்டாம், நீயே எடுத்துச் சாப்பிடு. தையல் போட்ட வயிற்றோடு அவர்களைப் பிள்ளையைக் குளிப்பாட்ட விடாதே, பாவம், அவர்களும் வலிகாரிதான். கனத்தைத் தூக்காதே, குளிரில் காதை மூடிக்கொள். குலசாமி துணையிருக்கும், சுகமாகப் பெற்றுப் பிழைப்பாய். ஒன்றை மட்டும் மறக்காதே. வலி எடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இராதே, அம்மா என்று வாய்விட்டுக் கத்து. அவர்கள் கையைப் பிடித்துக்கொள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத்தான் என்று அவர்களிடம் இப்போதே சொல்லி வை.

உன்னைப் பெற்ற,
அன்னத்தாய்