தலைப்பொங்கல் வரிசையில் வந்த நெல்

ஆரம்பாக்கம்,
புதன் சாயங்காலம்.

அன்புள்ள மகன் மோகன்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, உன் பெண்டாட்டி அருணா மூன்று பேரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. நீ தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு, கிரேன் மேலே ஏறும்போது பெல்ட் மாட்டிக்கொண்டு நன்றாயிருக்க அங்காளம்மன் துணை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், உன் நைனாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதி அருணாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் முப்பது பேர் மருந்தடிக்காமல் விளைவித்த நெல்லை, ஊர்ப் பெயர் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டதே, ஒவ்வொருவர் மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். நெல் எந்த மண்ணில் நின்று எந்தத் தண்ணீரைக் குடித்ததோ அந்த அடையாளம் அரிசிக்குள்ளேயே தங்கிவிடுமாம், மிஷினில் போட்டால் சொல்லிவிடுமாம். எனக்கு அரிசியைப் பார்த்தால் பழசா புதுசா என்று தெரியும், அவ்வளவுதான். மற்ற இருபத்தொன்பது பேருடையதும் சரியாக வந்தது, உன் நைனா நெல்லில் மட்டும் வேறு ஊர் நெல் கலந்திருக்கிறதாம். ஒருத்தர் கலந்தாலும் மொத்த ஊருக்கும் ஆர்டர் கிடையாதாம்.

முந்தாநாள் கூட்டத்தில் நைனா ஃபேக்டரி புகையால்தான் இப்படி ஆனது என்று கத்தினார். அதற்குச் சங்கத் தலைவர் முனுசாமி, "புகை உன் கழனி மேல மட்டுமா வந்து குந்திக்கினு இருந்துது, கலியா? இன்னா கலந்தேன்னு சொல்லிடு" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நைனா துண்டை உதறி எழுந்து, "எம் புள்ள தலமேல சத்தியமா சொல்றேன், வெளிநெல்லு ஒரு மணிகூட கலக்கல" என்றார். மோகன், கலந்தது நான்.

தலைப்பொங்கலுக்கு அருணா வீட்டார் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வரிசையோடு இரண்டு மூட்டை நெல் கொண்டுவந்தார்களே. பெண் வீட்டு நெல்லைத் தனியே வைத்தால் மருமகள் நம்மோடு ஒட்டமாட்டாள் என்பார்கள் நம் வீட்டில், நான் வந்தபோதும் அப்படித்தான் கலந்தார்கள். நைனாவும் அருணாவும் உன்னை ஏர்போர்ட்டில் விட வந்த அன்றைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அறுத்து வந்த குவியலில் கொட்டிக் கிளறிவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன். ரிசல்ட் வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் மருமகள் வந்த நேரம் ஊர் ஆர்டர் போச்சு என்று அந்தப் பெண் தலையில் போடுவார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நேற்று அவளே கேட்டுவிட்டாள். "அத்தே, எங்க ஊட்டு நெல்லுதானே, நானே போய் சொல்லிக்கிறேன்" என்கிறாள். சும்மா இரு என்று அதட்டினேன், அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

விதைக்கென்று களத்திலேயே பிரித்தெடுத்த நெல் பானையில் இருக்கிறது, அதில் எதுவும் கலக்கவில்லை. அதைக் கொண்டுபோய் வைத்து மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லப்போகிறேன். ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, நைனா இனி என் முகத்தில் முழிப்பாரோ மாட்டாரோ. இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தெரியாமல் சத்தியம் பண்ணினார், தெரிந்தும் பேசாமல் நின்றவள் நான். அந்தச் சத்தியம் உன் தலைமேல் இருக்கிறது, அதை நினைத்தால் தூக்கம் வரவில்லையடா.

அருணா உன் சட்டை ஒன்றைத் துவைக்காமலே வைத்திருக்கிறாள், அடிக்கடி போன் பண்ணு. வெயிலில் தண்ணீர் குடி. அம்மன் உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டம், உங்கள் ஊரில் அப்போது ஏழரை. நான் எழுந்து சொல்லி முடித்ததும் அருணா உனக்கு போன் பண்ணுவாள். மேஸ்திரி திட்டினாலும் பரவாயில்லை, அந்த போன் வருகிறவரைக்கும் நீ மேலே ஏறாதே கண்ணு.

உன் அம்மா,
குப்பம்மாள்.