பன்னிரண்டு கதவுகளுக்கு ஒரே குறியீடு

ஜூலை 7, திங்கள். விடாத மழை.

1. எழுதுபவன் க. தேவராசன், சட்டத்தரணி, காணி உறுதிப் பத்திரம் எழுதும் பிரசித்த நொத்தாரிசு, வட்டகொடை.
2. சொந்த நினைவுக்கு மட்டும்.

தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயம். தொழிலாளர் வரிசையில் பன்னிரண்டு வீடுகள், எதற்கும் முகவரி இல்லை. தபால் முழுவதும் தோட்ட அலுவலகத்துக்கே. கைபேசி வரைபடத்தில் இடக்குறியீடு எடுத்து, கதவுதோறும் சிவப்பு வர்ணத்தில் எழுதுவித்தேன். லயத்தில் சிக்னல் கிடையாது. எல்லாரையும் போல ஓடைக்கு அப்பால் 'சிக்னல் கல்'லில் ஏறியே எடுத்தேன்.

ஏழாம் வீட்டுச் சின்னையா: "இனிமே கடுதாசி தொர ஆபீசுல பூசணம் பூக்காதுங்களா?"

அவர் மனைவி ராமாயி: "பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே நம்பரு. ஆம்பளைங்க வீடு மாறிப் புகுந்தா ஐயாதான் பொறுப்பு."

சிரிப்பு. நானும்.

ஜூலை 16, புதன். மூடுபனி.

சின்னையா இன்று காலை இறந்தார். நெஞ்சுவலி. எட்டாம் வீட்டு மாரிமுத்து கல்லுக்கு ஓடி, அம்புலன்சுக்குக் கதவிலிருந்த குறியீட்டைச் சொல்லிவிட்டு லயத்துக்குத் திரும்பியிருக்கிறார். வண்டி வரவில்லை.

ராமாயி: "ஓடைக்கு அந்தாண்ட சைரன் சத்தம் கேட்டுச்சுங்க. அங்கேயே நின்னு கத்துச்சு. அந்த டிரைவர் மேல கேஸ் போடுங்க."

சம்மதித்தேன். நீதிமன்றத்துக்கு அவர் சத்தியம் செய்து கொடுக்கும் சத்தியக்கடதாசி, வரைவு தொடக்கம்.

ஜூலை 18, வெள்ளி. தூறல்.

சாரதியைச் சந்தித்தேன். சிங்கள இளைஞர். கண் சிவந்திருந்தது. "கோட் எக ஹரி, மஹத்தயா." குறியீடு சரி என்கிறார். கைபேசியைக் காட்டினார். சரிதான். "போனது. கல்லு மட்டும் இருந்தது. ஆள் இல்ல."

கல்.

நான் நின்ற இடத்தின் குறியீட்டை வீடுகளின் குறியீடாக எழுதியிருக்கிறேன். காணி உறுதியில் எல்லை எழுதுமுன் காணியை நடந்து பார்ப்பது என் வழக்கம். இதை மட்டும் நடந்து பார்க்கவில்லை. வரைவைக் கிழித்தேன்.

ஜூலை 19, சனி. சற்று வெயில்.

லயத்தில், எல்லார் முன்னும் வாசித்தேன்: குறியீட்டைக் கல்லில் நின்று எடுத்தவன் நான். சாரதி மீது தவறில்லை.



ராமாயி: "நீங்க சொல்லாட்டி யாருக்குங்க தெரியும்?" பிறகு: "இன்னும் பதினோரு வீட்டுல ஆளு இருக்காங்க. மொதல்ல அத அழிங்க."

மண்ணெண்ணெயும் துணியும். பன்னிரண்டு கதவுகளையும் நானே துடைத்தேன். ஏழாவதில் சிவப்பு முழுதாகப் போகவில்லை.

மேற்கூறியது உண்மை.

ஒப்பம்: க. தேவராசன்

சாட்சிகள்:
1. சி. ராமாயி
2. ப. மாரிமுத்து

சாட்சிகளின் முகவரி: