எலுமிச்சம்பழத்தில் எரிந்த பல்பு

என் கண்ணு செல்விக்கு,

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். செத்துப்போன மருமகளுக்கு மாமியார் கடிதம் எழுதுகிறாளே என்று தெரு சிரிக்கும். சிரிக்கட்டும். யார் யார் சிரித்தார்கள் என்று நான் மறக்கமாட்டேன்.

தாமல், திருப்புட்குழி, தென்னேரி என்று சுற்று வட்டாரத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஆன்லைனில் அறிவியல் கேம்ப் நடத்தினாய். ஒரு பூதக்கண்ணாடிகூட இல்லாத பள்ளிக்கூடங்கள். தறிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு நீ உட்கார்ந்தால், முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தாலும், சத்தம் உன் பாடத்தைக் கெடுக்கக்கூடாதென்று என் மகன் தறியை நிறுத்திவிடுவான். நான் பின்னால் நடந்தால் அத்தனை பிள்ளைகளும் "ஆயா! ஆயா!" என்று திரைக்குள்ளிருந்து கத்தும்.

அந்த எலுமிச்சம்பழ நாள் ஞாபகம் இருக்கிறதா? பழத்தில் ஓர் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி வைக்கச் சொன்னாய், கரண்டு வரும் என்று. தாமலில் கலாவின் அம்மா தேவகி வேலைக்குப் போய்த் திரும்பி வந்து, வாசற்படியில் ஆணி குத்தின பழத்தைப் பார்த்திருக்கிறாள். அலறிவிட்டாள். மறுநாள் தாமல் பிள்ளை ஒன்றுகூடத் திரையில் இல்லை.

நீ சண்டைக்குப் போகவில்லை. பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாய். துணைக்கு நானும் வந்தேன்.

"யாரும்மா நீ? புள்ளைக்கு சூனியம் கத்துக் குடுக்கற சூனியக்காரி!" என்றாள் தேவகி.

"நீங்களே குத்திப் பாருங்கக்கா."

"நான் தொடமாட்டேன்பா!"

"அப்ப எங்க அத்தை குத்துவாங்க."

எனக்கும் பயம்தான். ஆனால் அவள் முன்னால் காட்டுவேனா? குத்தினேன். நீ கம்பியில் மாட்டிய குட்டிச் சிவப்பு பல்பு எரியவில்லை.

"எரியிலியே!" என்று அவள் கைதட்டினாள்.

"ஒரு பழம் பத்தாதுக்கா. அக்கம்பக்கத்துப் பழமும் சேரணும்" என்றாய்.

பையில் பழம் இருந்தும் நீ எடுக்கவில்லை; பிள்ளைகள் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். கடைசிப் பழம் தேவகி மகள் கலாவுடையது. அம்மா வேலிக்கு வெளியே எறிந்ததை எடுத்து வைத்திருந்தாள் அந்தக் குட்டி. வரிசையாகக் கம்பி கோத்தாய். மினுக்கென்று சிவப்பாய் ஒரு பொட்டு வெளிச்சம். தேவகி முந்தானையால் வெயிலை மறைத்துக் குனிந்து பார்த்தாள். நானும் அவள் முந்தானைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, சாமி புறப்பாட்டில்கூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை. அந்தப் பொறுமையை எங்கே கற்றாய் நீ?

இப்போது சேதி கேள். ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து உன் லேப்டாப் பீரோவில், உன் கல்யாணப் புடவைக்குள் இருக்கிறது. உன் தோழி வசந்தி, "உள்ள இருக்கற பாடத்த வெச்சி நான் கேம்ப் நடத்தறேன் அத்தை" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தரவில்லை. பாடம் மட்டுமா இருக்கிறது அதில்? உன் குரல் இருக்கிறதே. வெளியே போய் ஏதாவது ஆகிவிட்டால்?

நேற்று தேவகி வந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கலா.

"டீச்சரம்மா இல்லன்னு தெரியும் பெரியம்மா. கேம்ப்பு இருக்குதான்னு புள்ள கேட்டுக்கினே இருக்குது."

உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன், சிரிக்கவில்லை. சூனியக்காரி என்ற சொல்லை நான் இன்னும் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் கலா பையைத் திறந்து காட்டினாள். "ஆயா, இந்த வாட்டி எல்லாருக்கும் சேத்து நானே பழம் கொண்டாந்துட்டேன்."

என்ன செய்வேன் சொல்? பீரோவைத் திறந்தேன். வசந்தியை வரவழைத்தேன். அவள் ஏதோ ஒன்றைத் தட்டியதும், "பசங்களா, என் சத்தம் கேக்குதா?" என்றாய் நீ.

"கேக்குதும்மா" என்றேன். கலாவும் தேவகியும் அதையே சொன்னார்கள்.

திங்கட்கிழமை கேம்ப் தொடங்குகிறது. ஐந்து மணிக்குத் தறி நிற்கும். நிற்காவிட்டால் நான் நிறுத்துவேன். ஆணியைப் பார்த்து எந்த ஊரில் எவள் அலறினாலும், பையில் பழத்தோடு நானே பஸ் ஏறுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தேவகி முந்தானைக்குள் தலையை விட்டு, நீ ஏற்றிய அந்த வெளிச்சத்தைப் பார்த்த,
உன் அத்தை