ஆசான் பெயர் சொல்லாச் சூள் குறித்து மணிக்குன்றக் கடிகைக்கு அரசி விடுத்த ஓலை

வளம் பெருகுக. கடல் மூன்று பக்கமும் காவல் நிற்கும் நெடுங்கரை நாட்டை ஆள்பவரும், வெண்சங்குக் கொடியுடையவரும், மணிக்குன்றக் கடிகையின் செப்புக் கணையாழி அணிந்தவருமான அரசி நீலநங்கை, அக்கல்விச்சாலையின் தலைவர் நல்லாதனார்க்கும் அவருடன் அமரும் ஐவர் அவையினர்க்கும் விடுக்கும் திருமுகம். உங்கள் சுவடிகள் செல்லரியாதிருக்க. உங்கள் மாணாக்கர் நோயின்றிக் கற்க. குன்றின் சுனை கோடையிலும் வற்றாதிருக்க.

நீங்கள் விடுத்த ஓலை வந்தது. கடிகையில் முறையீடு எதுவும் நிலுவையில் இல்லை என்றும், சூள் தவறிய மாணவி ஒருத்தி நீக்கப்பட்டாள் என்றும், இரண்டுக்கும் தொடர்பில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஓலை வந்த வேளையில் அந்த மாணவி எம் முன்னே நின்றுகொண்டிருந்தாள். ஆகவே உங்கள் சொல்லையும் அவள் சொல்லையும் ஒருங்கே கேட்டோம். பின்னர் அறக்களத்து அதிகாரி காரியை உங்களிடம் அனுப்பி, அவையில் நடந்ததை உங்கள் வாயாலேயே கேட்டறிந்தோம்.

அவள் பெயர் கொற்றி. தோணித்துறைச் சேந்தனின் மகள், இருபத்திரண்டு வயதினள், மருத்துவம் கற்பவள். நாடிப் பாடம் என்று சொல்லி அவளை மருந்தறைக்கு அழைத்த ஆசான், உடனிருந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே நடந்ததை அவள் எமக்குச் சொன்னாள். அதை இங்கே எழுதோம். ஓலை போகும் வழியெல்லாம் அவள் துயரம் பேச்சாக வேண்டியதில்லை. தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு அவள் வெளியே ஓடிவந்தபோது கையெல்லாம் அரைத்த திப்பிலியின் நெடி. இன்றும் அந்த மணம் பட்டால் அவளுக்குக் குமட்டுகிறது. மருத்துவம் கற்பவளுக்குத் திப்பிலி ஆகாமற்போவது சிறிய இழப்பன்று.

முதலில் அவள் மகளிர் விடுதியைக் காக்கும் நாச்சியிடம் சென்றாள். நாச்சி கெட்டவள் அல்லள், அஞ்சியவள். “அடியே, ஊமையாப் போயிடு. இந்த மழைக்காலம் போனா பட்டம் உன் கையில. வாயைத் தொறந்தே, உங்கப்பன் தோணிக்குத்தான் திரும்பிப் போகணும்” என்றாள். கொற்றி ஊமையாகவில்லை; அவைக்கு முறையிட்டாள். உடனே அவளைக் காப்பதற்கென்று சொல்லி அவளைப் பாடத்திலிருந்து நிறுத்தினீர்கள். ஆசான் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். சமையற்கட்டை அடுத்த அறையில் அமர்ந்து, தன்னோடு கற்றவர்கள் சுவடியோடு படியேறுவதை அவள் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிகையின் சூளுரையை நாடறியும். சேரும் நாளில் குன்றின் கடைசிப் படியில் நின்று, ஆசானின் பெயரை நாவால் சொல்லேன், எழுத்தாணியால் எழுதேன் என்று உறுதி கூறியே கணையாழி பெறுகிறோம். தவறியவர் அன்றே நீங்க வேண்டும். கணையாழி இல்லாதவர் இந்நாட்டில் மருத்துவம் பார்க்க இயலாது, வழக்குரைக்க இயலாது, முடிசூடவும் இயலாது. ஆசானின் பெயர் சந்தையில் அடிபடக் கூடாதென்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. கதவுக்கு உட்புறத் தாழாக அதை அவர்கள் செய்யவில்லை.

அவையில் கொற்றி நின்றாள். ஐயா இப்படிச் செய்தார் என்றாள். “ஐயான்னா எந்த ஐயா? குன்று முழுக்க ஐயாதானே இருக்கோம்!” என்று உங்களில் ஒருவர் கேட்டார், அவை சிரித்தது. கேட்டவர் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சம்பந்தி என்பதை உங்கள் ஓலை சொல்லவில்லை, காரி சொன்னார். இன்னொருவர், “கையைத் தொடாம நாடி எப்படிம்மா பார்க்கறது?” என்றார்.

“நாடி மணிக்கட்டுல இருக்குங்க ஐயா. அவர் தேடுன எடத்துல இல்ல” என்றாள் கொற்றி.

பெயரைச் சொல், பெயரில்லாத முறையீடு முறையீடாகாது என்றீர்கள். அப்போதுதான் அவளுக்கு வழி இருபுறமும் அடைபட்டிருப்பது விளங்கியது. சொல்லாவிட்டால் வழக்கில்லை, சொன்னால் கடிகையில்லை. அவள் கணையாழியைக் கழற்றித் தரையில் வைத்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். அவை உடனே எழுந்தது. குற்றத்தை விசாரிக்க அன்று, சூள் முறிந்ததென்று அறிவிக்க. நீக்கப்பட்டவள் மாணவி அல்லள், மாணவி அல்லாதவளின் முறையீட்டை அவை கேளாது என்று முடித்தீர்கள்.

தோணியிலேயே மகளை எம் வாயிலுக்குக் கொண்டுவந்த சேந்தன் அதிகம் பேசவில்லை. “எம்மவ பொய் சொல்லமாட்டா தாயே. பொய் சொல்றவளா இருந்தா, வாயைப் பொத்திக்கிட்டுப் பட்டத்த வாங்கியிருப்பா” என்றான். நாட்டின் வழக்குரைஞர் எவரும் இதைவிடத் தெளிவாக எமக்கு உரைத்ததில்லை.

குற்றம் மெய்யென்று நாம் இன்னும் தீர்க்கவில்லை. ஆனால் அது கேட்கப்பட்டாக வேண்டும். ஆகவே கட்டளை: தீர்ப்பு வரும்வரை அந்த ஆசான் எவருக்கும் பாடம் நடத்தலாகாது. சம்பந்தி அவையிலிருந்து விலகுக. கடிகைக்கு உறவோ கடனோ இல்லாத மூவர் விசாரிப்பர். அவருள் இருவர் பெண்டிர். கொற்றி அந்த ஆசான் எதிரே நிற்கவேண்டியதில்லை. தன் சொல்லைத் தனியே சொல்லலாம். நாச்சியை எவரும் தண்டிக்கலாகாது. அவளும் சாட்சி சொல்வாள்.

இனிவரும் வரியை எழுதாமல் எம் ஓலைநாயகம் எழுத்தாணியை நீட்டிவிட்டார். அவர் விரலிலும் கணையாழி உள்ளது. எனவே அதை நாமே வாங்கி எழுதினோம். குற்றம் சாட்டப்பட்டவர், எமக்கும் முன்னாளில் நாடி பார்க்கக் கற்பித்தவர், வெள்ளியாற்றூர் மாசாத்தன்.

சூள் முறிந்தது. எம் கணையாழியை இவ்வோலையோடு கட்டி அனுப்புகிறோம். உங்கள் விதி அவளுக்குப் பொருந்துமாயின் எமக்கும் பொருந்தும்: எம்மை நீக்குக, முடி இறங்கும். எம்மை நீக்கத் துணியீராயின், கொற்றியின் கணையாழியை அவள் கழற்றி வைத்த இடத்திலேயே அவள் கையில் கொடுத்துப் பாடத்துக்கு அழைத்துச் செல்க. அவளுக்கு நீங்கள் விட்டுவைத்த வழிகள் இரண்டு, உங்களுக்கும் இரண்டே. விடை வரும்வரை அரியணையில் அமரோம்.

சங்கு முத்திரை இட்டோம். குன்றின் கடைசிப் படியில் மாணாக்கர் அனைவரும் கூடியிருக்க, இத்திருமுகம் முதலிலிருந்து இறுதிவரை உரத்துப் படிக்கப்படுக. படிப்பவர் கடிகைத் தலைவர் நல்லாதனாரே ஆகுக. பெயர் வரும் இடத்தில் அவர் குரல் தாழாதிருக்க.